மாலா அக்கா மெஷினுக்குச் சொன்ன கதை

இந்த ஊரில் பேசாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் லிட்டில் இந்தியா முனையில், தமிழ்நாட்டிலிருந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக நிற்பார்கள். கழுத்தில் ஒரு கைப்பேசியையும் அதற்குக் கீழே உள்ளங்கையளவு ஒலிபெருக்கியையும் மாட்டிக்கொண்டு நான் முன்னால் போய்க் கும்பிடுவேன். உடனே என் மார்பிலிருந்து ஒரு பெண் பேசுவாள்: "வணக்கம், ஜார்ஜ் டவுனுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறேன்." எந்த ஊர்ப் பெண் என்று சொல்ல முடியாத குரல் அது. வந்தவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு மார்பைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சாலையைக் கடக்க வைப்பது, குடை பிடிப்பது, கழிப்பறை காட்டுவது எல்லாம் என் வேலை. கோயில், பள்ளிவாசல், சீனக் குலமன்றம் பற்றிச் சொல்வது அந்தக் கைப்பேசிச் செயலியின் வேலை. யாராவது என்னிடமே நேராகக் கேட்டுவிட்டால் விரலால் மார்பைக் காட்ட வேண்டும்; கேள்வியைக் கேட்டு அதுவே பதில் சொல்லும். ஏனென்றால் பயணிகளுக்கு விளக்கம் சொல்ல இங்கே உரிமம் வேண்டும். வேலை பெர்மிட்டில் வந்தவனுக்கு அது கிடைக்காது. கைப்பேசிக்கு உரிமம் தேவையில்லை, ஆளுக்கு வாய் தேவையில்லை என்பது எங்கள் கம்பெனியின் கணக்கு.

ஊரில் நிலைமை தலைகீழ். திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். அப்பா கருவேலங்கட்டையை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். தாலுகா ஆபீஸானாலும் வங்கியானாலும் அரசு ஆஸ்பத்திரியானாலும், அப்பா கரி படிந்த கையால் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு, "எம் பையன் பேசுவான் சார்" என்பார். அவர் மட்டுமல்ல, தெருவே என்னை அப்படித்தான் முன்னால் தள்ளியது. யாருக்கோ பென்ஷன் நின்றுபோனால் நான் பேசினேன், யார் வீட்டு மின் கணக்கோ தவறினாலும் நான் பேசினேன். மதுரையில் வரலாறு எம்.ஏ. படித்ததும் அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் என்று இப்போது தோன்றுகிறது. பேச்சுக்காகவே வளர்க்கப்பட்ட ஒருவனைக் கடல் கடந்து மலாயாவுக்குக் கூட்டிவந்து வாயை மூடிக்கொள் என்றால் என்ன ஆகும்? வேலை முடிந்து அறைக்குப் போனால் என்னால் உட்கார முடிவதில்லை. கைப்பேசியை ஆபீசில் வைத்துவிட்டு, காலையில் போன தெருக்களிலேயே மறுபடியும் நடப்பேன். ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் நின்று, சொல்லாமல் விட்டதையெல்லாம் முணுமுணுப்பேன். ஒருமுறை பழக்கடைச் சீனப் பாட்டி, பாவம் ஏதோ கோளாறு என்று நினைத்து, ஒரு கொய்யாவைக் கையில் கொடுத்துப் போகச் சொன்னாள்.

என்னை முதன்முதலில் 'ஊமை கைடு' என்று கூப்பிட்டது மாலா அக்கா. இதே ஊரில், டத்தோ கிராமாட் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். உரிமம் பெற்ற கைடு. தமிழ், மலாய், ஹொக்கியென் சீனம், ஆங்கிலம் நான்கிலும் சண்டை போடத் தெரிந்தவர். தமிழிலும் இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்துத்தான் பேசுவார். செயலி தமிழ் பேசத் தொடங்கும் முன், கம்பெனி அவரைத்தான் கூப்பிட்டது. "உங்களுக்குத் தெரிந்த கதையெல்லாம் சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறோம்" என்றார்கள். அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்வதும், சொன்னது சரிதானா என்று புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் என் வேலை. அப்படி ஒன்றாக நடந்த நாட்களில் ஒரு சந்து முனையில் நின்றோம். சுவரோரம் முட்டியளவு உயரத்தில் ஒரு கருங்கல் நட்டிருந்தது. அக்கா அதைத் தொட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: கப்பலிலிருந்து இறங்கிய நம் ஆட்கள் இந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்துத் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்களாம். திரும்பிப் போகிற அன்று வந்து, பெயரைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். திரும்பாதவர்களின் ஊர்ப் பெயர்கள் இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கின்றனவாம்.

எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனாலும் எனக்கு அது பிடித்துப்போனது. 'வாய்மொழிச் செய்தி' என்று குறித்து ஏற்றுக்கொண்டேன். எல்லாம் சரிபார்த்தாயிற்றா என்று முதலாளி கேட்டபோது, நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். முதலாளி சீனர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். என் தலையாட்டலை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு, இன்னும் ஒரு வாரம் தந்தார். அந்த ஒரு வாரத்திலும் கல்லைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரவில்லை.

செயலி வெளியானது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆட்களை அனுப்புகிற ஏஜெண்டுகள் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள். மாலா அக்காவுக்கு வரும் கூட்டம் மெலிந்துகொண்டே போனது. வேலையில்லாத நாட்களில் படகேறி அக்கரைக்குப் போய், பட்டர்வொர்த்தில் பஸ் பிடித்து, புக்கிட் மெர்தாஜாமில் அவருடைய தங்கை நடத்தும் துணிக்கடையில் போய் நிற்க ஆரம்பித்தார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, நுரை ததும்ப டீ ஆற்றித் தரும் தே தாரிக் கடையில் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளி உட்காரச் சொன்னார்.

"என்னா ஊமை, இன்னிக்கு எத்தன பேரு?"

"பதினோரு பேருக்கா."

"எனக்கு இந்த வாரமே ரெண்டு பேருதான் லா. அதுல ஒரு ஆளு, நான் சொல்லச் சொல்ல போன்ல தட்டிப் பாத்துக்கிட்டே வர்றாரு. நான் என்னா பரீட்சையா எழுதுறேன்?" கண்ணாடிக் குவளையை ஆட்டி நுரையைக் கலைத்தார். "ஆமா, அந்தக் கல்லு கதைய மெஷின் நல்லா சொல்லுதாமே?"

"அத கேட்டா சில பேரு அழுதுடுறாங்கக்கா."

அக்காவுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. "அது நான் கட்டுனது லா தம்பி. அது வண்டிக்கல்லு. மாட்டு வண்டி திரும்புறப்ப சக்கரம் சுவத்துல இடிக்காம இருக்க நட்டு வெச்சது."

எனக்கு வாய் அடைத்துப்போனது, இந்த முறை சம்பளம் இல்லாமலே.

"பக்கத்து வீட்டுக்காரி வந்து மீன் கொழம்பு எப்படி வெக்கிறதுன்னு கேட்டா, உங்கம்மா எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடுவாங்களா? ஒண்ண மறைச்சுத்தான் சொல்லுவாங்க. எனக்கு மறைக்க வராது, அதான் ஒண்ண சேத்துட்டேன். நாளைக்கு எவனாச்சும், இது மாலா கதையே இல்ல, எங்க மெஷினே கண்டுபிடிச்சதுன்னு சொல்லட்டும். அந்தக் கல்ல வெச்சே புடிப்பேன்."

"அது பொய்யில்லையாக்கா?"

"மனுசன்கிட்ட சொன்னாத்தான் லா பொய்யி. ரேடியோவ திட்டுனா பாவமா? நீ படிச்சவன்தானே, கண்டுபிடிக்க வேண்டியதுதானே?"

அந்த வாரம் முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. அச்சடித்தது எதுவும் பொய்யாக இருக்காது என்று நம்பும் வீட்டிலிருந்து வந்தவன் நான். பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளைக்கூட அப்பா மிதிக்கமாட்டார். என் கையெழுத்தின் பேரில் ஒரு பொய் தினமும் என் மார்பிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. அக்காவைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. முதலாளியிடம் போய், கல் கதைக்கு ஆதாரம் இல்லை, எடுத்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பயணிகள் போட்ட நட்சத்திரங்கள் வரிசையாக மின்னின. "பீப்பிள் லவ் இட்" என்றார். ஆனால் அது உண்மையில்லை என்றேன். "அப்ப 'சம் பீப்பிள் சே' என்று சேர்த்துக்கொள். இப்போது நிஜமாகவே சில பேர் அப்படிச் சொல்கிறார்கள்தானே?" என்று அன்பாகத்தான் கேட்டார். கதவருகே போனவனைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்: கல் கதைக்கு இவ்வளவு வரவேற்பு இருப்பதால், சனிக்கிழமைதோறும் அதற்கென்றே ஒரு நடை வைக்கப் போகிறார்களாம். அதற்குக் கூடுதல் கட்டணம். கைப்பேசி கிடையாது, நிஜமான கைடு. மாலாவைக் கூப்பிடு என்றார்.

அக்கா ஒத்துக்கொண்டார். அந்த நடை நிலைத்தால் துணிக்கடைக்குப் போக வேண்டாம், கைடாகவே இருந்துவிடலாம். நிலைக்காவிட்டால் தங்கையின் கல்லாப்பெட்டிதான். இதை அவரே சொன்னார், சிரிக்காமல். கல்லருகே என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "பாத்துக்கலாம் லா" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

முதல் சனிக்கிழமை தண்ணீர்ப் பை தூக்க நானும் போனேன். ஒன்று சொல்ல வேண்டும், அக்கா பேசப் பேசத் தெருவே வேறாகத் தெரிந்தது. பூக்கடைக்காரனை வம்புக்கிழுத்தார். ஒரு வீட்டு மாடி ஜன்னலைக் காட்டி, இங்கேதான் என் முதல் காதல் முறிந்தது என்றார். மொத்தக் கூட்டமும் அவரோடு ஒட்டிக்கொண்டது. அதில் கோவில்பட்டி தபால் ஆபீசில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் கணவரோடு வந்திருந்தார். ஹோட்டலிலேயே செயலியில் கல் கதையைக் கேட்டிருக்கிறார். சந்து முனை வந்ததும் எல்லோருக்கும் முன்னால் போய்க் குனிந்து கல்லில் கை வைத்தார். பிறகு காதை வைத்தார்.

"எங்க தாத்தா மலாயாவுக்குப் போனவரு, திரும்பி வரவே இல்ல. ஆச்சி கடைசி வரைக்கும் தாலிய கழட்டல" என்றார். "ஏங்க, எங்க ஊர் பேரும் இதுக்குள்ள இருக்கும்தானே?"

அக்கா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஓர் 'ஆமா' போதும். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்து வழி கேட்டது. யாரும் நகரவில்லை.

"இல்லம்மா" என்றார் அக்கா. "இது வண்டிக்கல்லு. அந்தக் கதைய மெஷினுக்கு நான்தான் கட்டிச் சொன்னேன். உங்க மொகத்த பாத்து என்னால அத சொல்ல முடியல. மன்னிச்சிக்குங்க."

அந்த அம்மா கையை எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டார். அவர் கணவர், "அப்புறம் எதுக்குங்க தனியா காசு வாங்குறீங்க?" என்று கத்தினார். அம்மா கத்தவில்லை. "சொல்லாம இருந்திருக்கலாம்ல நீங்க" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நடையில் அவர் எதையும் பார்க்கவில்லை, தரையைத் தவிர.

அன்றைக்கே புகார் போய்விட்டது. சனிக்கிழமை நடை ரத்து. கதை மட்டும், "சிலர் சொல்கிறார்கள்" என்ற தொடக்கத்தோடு, செயலியில் அப்படியே இருக்கிறது. மாலா அக்கா வாரம் முழுவதும் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே, அது எந்த ஊரில் நெய்தது, எப்படி வந்தது என்று ஒரு பெண்ணிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "இது நெசந்தான் லா" என்றார் முன்கூட்டியே. நாங்கள் இருவரும் சிரித்தோம். வருத்தமா என்று கேட்டேன். "வருத்தம்தான். ஆனா அந்தம்மா மறுபடி வந்து கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன், என்னா பண்றது? நீ வாயத் தொறந்துடாத. உன் பெர்மிட்டு போயிடும்."

அவர் சொன்னது சரி. என் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் மாதம் இது. கழுத்தில் தொங்கும் கைப்பேசி, பக்கத்தில் பேசுவது எல்லாவற்றையும் பதிவு செய்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் நேற்றுக் காலை சந்து முனையில், செயலி கதையை முடித்ததும், விருதுநகர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லை நோக்கிக் குனிந்தபோது, என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, அது வண்டிக்கல்லுங்க. மாட்டு வண்டிக்கு வெச்சது. அந்தக் கதை நெசமில்லைங்க."

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. காலையில் கும்பிட்ட பிறகு முதல்முறையாக, முகத்தைப் பார்த்தது. என் பேச்சின் வாடை பெரியவருக்கு எட்டியிருக்க வேண்டும். கல்லை விட்டுவிட்டு நிமிர்ந்தவர், முகம் மலர்ந்து கேட்டார்: "தம்பி நம்ம பக்கம் மாதிரி தெரியுதே. எந்த ஊரு?"

நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் என் மார்பிலிருந்து பதில் வந்துவிட்டது. "நான் இந்த ஊர்தான், ஜார்ஜ் டவுன். நீங்கள் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள், ஐயா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். பிறகு, கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்பதைப் போல, என் பக்கம் வந்து, மெல்லக் குனிந்து, என் மார்பில் தன் ஊரின் பெயரைச் சொன்னார்.