லமின் ஸ்டுட்கார்ட் வந்தார்

போன வெள்ளிக்கிழமை மாலை ஒரு போன். "நான் லமின்! உங்கள் ஸ்டுட்கார்டில் நிற்கிறேன்!" என்றது ஆங்கிலத்தில் ஒரு உற்சாகக் குரல்.

லமின் யார்? சொல்கிறேன்.

இந்தத் தை மாதம் நானும் மனைவியும் காம்பியாவுக்குப் போயிருந்தோம். அங்கே ஆற்று நடுவே, ஒரு தீவில், ஜான்ஜான்புரே என்றொரு பழைய ஊர். கரையோரம் கூரையிழந்த கல் கிடங்குகள், மர வீடுகள், முகமூடி ஆட்டத்துக்கென்றே ஒரு சின்ன மியூசியம்... மத்தியான வீதியில் ஆடுகள் மட்டும் நடமாடும் அமைதி.

சுற்றிக் காட்டியவர் லமின் – உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டாம் நாளே என் மனைவிக்குக் கடும் காய்ச்சல். "ஹோட்டலில் யார் பார்ப்பார்கள்?" என்று தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். கட்டிலை எங்களுக்குத் தந்துவிட்டு, அவரும் அவர் மனைவியும் பாயில் படுத்தார்கள். காய்ச்சல் விடும்வரை கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள்.

புறப்படும்போது நான்தான் சொன்னேன் – "ஜெர்மனிக்கு வந்தால் எங்கள் வீடுதான்!"

வந்துவிட்டார். மேளக் குழுவோடு, ஒரு விழாவுக்கு. "நாளைக்கு உங்களைப் பார்க்க வரட்டுமா?"

போனைக் கையால் பொத்தினேன்.

"ஆரப்பா?" என்றாள் மனைவி.

"லமின். வரட்டோ எண்டு கேக்கிறார்."

"வரச் சொல்லுங்கோவன்!"

"வந்திட்டுத் திரும்பிப் போகாட்டி?"

கேட்டது யார்? ஒற்றைப் பையோடு வந்திறங்கி, திரும்பிப் போக ஏலாது என்று இந்த நாட்டில் அகதி விண்ணப்பம் கொடுத்த நான்! மனைவி என்னைப் பார்த்தாள்.

"அடடா, நாங்கள் தூரத்தில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் அல்லவா நிற்கிறோம்..." என்றேன் போனில்.

மறுநாள் தமிழ்க் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம். எதிரே லமின்! கூடவே குழுவினர் இருவர். ஓடி வந்து கட்டிப்பிடித்தார். "இவர்கள் என் ஜெர்மன் சொந்தக்காரர்கள்!" என்றார் அவர்களிடம். பிறகு என்னிடம், "திருவிழா முடிந்துவிட்டதா?"

மனைவிதான் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள் – "நாங்கள் எங்கேயும் போகவில்லை. பொய் சொன்னோம்."

லமின் வெண்டிக்காயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "என் பிழைதான். எங்கள் ஊரில் யாரும் கேட்டுவிட்டு வருவதில்லை."

வற்புறுத்தி மூவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மீன்குழம்பை ரசித்துச் சாப்பிட்டார்கள். இன்னும் கொஞ்சம் இருக்கச் சொன்னோம். இருட்டுமுன் எழுந்துவிட்டார்.

நேற்று அவரிடமிருந்து ஒரு போட்டோ. தன் ஊர் ஆற்றங்கரையில் நிற்கிறார். கீழே ஒரே வரி – "திரும்பி வந்துவிட்டேன்."

"திரும்பிப் போவீர்களா?" என்று அவரிடம் நான் கேட்கவேயில்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டிருக்கிறது.