காலியாக விட்ட முதல் வரி

போன மாதம் குமுளியில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தேன். சின்ன வயதுப் பெண். என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அங்கிளே, கீழ முன்பல்லு ரெண்டும் எப்போ போயி?" என்று கேட்டாள்.

"ஆடி மாசம், புதன்கெழம, காலைல எட்டேகால்" என்றேன்.

அவள் கையிலிருந்த சின்னக் கண்ணாடி அப்படியே நின்றது. எப்படிப் போனது என்று அடுத்த கேள்வி. "நான் ஒரு சேவைச் சங்கத்துல செயலாளரா இருந்தேன்" என்றேன். அவள் முகமூடிக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. அதற்குள் வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டாள். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்த அறையில் கிராம்புத் தைலம் மணத்தது. குமுளிக் கடைத்தெருவில் அந்த மணம் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் எனக்கு அது எங்கள் எஸ்டேட் சங்கத்தின் முதலுதவிப் பெட்டி மணம். அந்தப் பெட்டியில் பல்வலிக்குக் கிராம்புத் தைலமும் மற்ற எல்லாவற்றுக்கும் டெட்டாலும் இருந்தன. தேவிகுளத்துக்கு அந்தப் பக்கம், பேர் சொல்லத் தேவையில்லாத ஒரு டிவிஷன். நான் அங்கே தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபாக்டரியில், கிளார்க். வருடத்தையும் எழுதாமல் விடுகிறேன். என் டைரியில் இருக்கிறது. ஆனால் இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். தேதியை மறைத்து எழுதுவது எனக்குச் செருப்பில்லாமல் நடப்பது போலத்தான் இருக்கிறது.

சேவைச் சங்கம் என்றால் கண் சிகிச்சை முகாம், பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகம் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் செய்தோம். ஆனால் எங்கள் சேவையில் பாதி, ரத்தம் சம்பந்தப்பட்டது. ஓணத்துக்கு வடம் இழுக்கும் போட்டி நடத்தினோம். ஒரு வருடம் தோற்ற அணி, தேயிலைச் செடி கழிக்கும் கவாத்துக் கத்தியால் வடத்தையே வெட்டியது. பிறகு அதே கத்தியோடு நடுவரைத் துரத்தியது. நடுவர் எங்கள் சங்கத் தலைவர் சாமிக்கண்ணு, ஸ்டோரில் ஃபிட்டர். அவர் ஓடிப்போய்த் தேயிலை வாட்டும் பரணில் ஏறிக்கொண்டார். அவரைக் காப்பாற்றப் போன இரண்டு பேருக்குத் தோளில் வெட்டு. அந்த வருடம் ரத்தம் கொடுத்தவர்கள் பட்டியலை நான்தான் எழுதினேன். வெட்டியவனின் பெயரும் அதில் இருக்கிறது. சாயங்காலம் அவனே ஜீப்பில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து, "என் குரூப்புதான் அவனுக்கும்" என்று கையை நீட்டினான்.

இவ்வளவு செய்தும் மக்கள் எங்களைச் 'சங்கம்' என்று சொன்னதில்லை. 'போர்டு' என்றுதான் சொல்வார்கள். காட்டுப் பாதையும் ரோடும் பிரிகிற இடத்தில், டீக்கடைக்குப் பக்கத்தில், கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பலகை. யார் செத்தது, எப்போது அடக்கம், யாருக்கு என்ன ரத்தம் வேண்டும் எல்லாம் அதில் வரும். முதல் வரி மட்டும் எப்போதும் ஆனைக்கு. 'ஆனை:' என்று பெயின்டால் நிரந்தரமாக எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தோம். தினமும் காலையில் அது எந்தத் தேயிலைக் காட்டில் நிற்கிறது என்று நான் சாக்பீஸால் நிரப்புவேன். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள்.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. தனித்தனியாகப் பார்த்த இரண்டு பேர் சொன்னால்தான் ஆனையை எழுதலாம். விதியைக் கொண்டுவந்தவன் நானே. என் பல் போனதற்கு முந்தைய வருடம், டீக்கடைக்குப் பால் ஊற்றும் இசக்கி ஆனையைப் பார்த்தேன் என்று சொல்ல, நானும் எழுதிவிட்டேன். டிவிஷன் முழுக்க வேலைக்குப் போகவில்லை. பனி விலகியதும் பார்த்தால் அது ஒரு பாறை. அன்று சாயங்காலம் போர்டில் சாணி அடித்தார்கள். எனக்கும் கொஞ்சம் விழுந்தது. நான் சரித்திரப் புத்தகங்கள் நிறையப் படிப்பவன். எந்தப் போரைப் படித்தாலும் செய்தி யார் கொண்டுவந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்றுதான் முதலில் தேடுவேன். அந்தப் புத்தியில் செய்த விதி அது.

காலியாக இருக்கிற வரிக்கும் ஒரு அர்த்தம் வைத்திருந்தேன். ஆனை இல்லையென்றால் 'தகவல் இல்லை' என்று எழுதுவேன். ஒன்றும் எழுதாமல் விட்டால் 'விசாரணையில் இருக்கிறது' என்று பொருள். இது என் நோட்டில் இருந்தது. இதை நான் யாரிடமாவது சொன்னேனா என்று இத்தனை வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக நினைவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஏழு பத்துக்கு இசக்கி மேலேயிருந்து ஓடிவந்தான். கையில் பால் கேன், முழங்கால் வரை சேறு.

"அண்ணாச்சி, மொட்டவாலன் ஒம்பதாம் நம்பர் காட்டுல நிக்கான். எழுதும்!"

மொட்டைவாலன் என்பது எங்கள் பக்கத்தில் சுற்றிய ஆனை. அதற்கு முன்பே இரண்டு பேரைக் கொன்றிருந்தது.

"வேற யாரு பாத்தா?" என்றேன்.

"நான் பாத்தேன்."

"ரெண்டாவது ஆளு?"

"ஆனை என்னையப் பாத்துச்சு. வேணும்னா அதுட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாரேன்!"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பாறையா இருக்கும்டே, நல்லா பாத்தியா?" என்றார் கடைக்காரர்.

"பாறை காதாட்டுமாவே?" என்ற இசக்கி என் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, இன்னைக்கு ஒம்பதுலதான் கொழுந்து. சம்முகத்தாயும் போறா."

சண்முகத்தாய் அவன் மனைவி. அவன் குடிப்பவன்தான், ஊருக்கே தெரியும். அன்று என் முகத்துக்கு நேராக நின்று பேசினான். பீடி வாசம் மட்டும்தான் வந்தது. இதை நான் அப்போதே கவனித்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். ஏழரைக்கு டிராக்டர் அந்த வழியாக இறங்கும், டிரைவரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றேன்.

"அதுக்குள்ள அவளுவ மேல ஏறிருவாளுவய்யா" என்றான். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரும் பக்கம் ஓடினான்.

ஏழு இருபதுக்குப் பெண்கள் போர்டைத் தாண்டினார்கள். நான் டீக்கடை பெஞ்சில், கையில் கிளாஸோடு இருந்தேன். அவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. முதல் வரியில் வெள்ளை எழுத்து இருந்தால் நின்று, படிக்கத் தெரிந்தவளிடம் கேட்பார்கள். இல்லையென்றால் ஆனையும் இல்லை என்று போவார்கள். அன்றுதான் எனக்கு அது தெரிந்தது. ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து பார்த்தாள், காலி வரியைக் கண்டாள், போனாள். பின்னாலேயே இசக்கி கத்திக்கொண்டு வந்தான். நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் செயலாளர் சொன்னால் அது சங்கம் சொன்னதாகிவிடுமே என்று டீயைக் குடித்தேன்.

மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை. மூன்று பெண்கள் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போகிறது, அதை எழுதுகிறேன். ஒன்பதாம் காட்டின் அடிவரிசை வரை இசக்கி அவர்களை மறித்துக்கொண்டே போனான். சேற்றில் இரண்டு தடவை விழுந்தான். "ஆனை ஒம்ம மாட்டுக் கொட்டத்துல பால் கறக்க வந்துச்சோ?" என்று ஒருத்தி கேட்டாள். "போர்டுல ஒண்ணும் இல்லியே, ஒமக்கு மட்டும் தந்தி வந்துச்சா?" என்றாள் இன்னொருத்தி. சண்முகத்தாய்க்கு அவமானம் தாங்கவில்லை. "காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்து மானத்த வாங்குதீரா? போவும்!" என்று எல்லார் முன்னாலும் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள்.

அப்போதுதான் மேலே சவுக்கு மரம் முறிகிற சத்தம் கேட்டது.

பனிக்குள்ளிருந்து அது நேராக இறங்கி வந்தது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுத் தண்ணீர் போகும் கானுக்குள் குதித்தார்கள். ஒருத்திமேல் ஒருத்தி விழுந்ததில் சிலருக்கு எலும்பு முறிந்தது. இசக்கி கானுக்குள் இறங்கவில்லை. குறுக்கு வரிசையில் மேல்பக்கமாக ஓடி, ஒரு கல்லை எடுத்துப் பால் கேனில் அடித்தான். ஆனை சத்தத்தின் பக்கம் திரும்பியது. தும்பிக்கையால் அவன் இடுப்பைப் பிடித்துத் தேயிலைமேல் அடித்தது. பிறகு வீசியது. வீசிய இடத்துக்கு நடந்துபோய் மிதித்தது. அது அவசரப்படவில்லை என்று மூன்று பேருமே சொன்னார்கள்.

கேன் அடிக்கும் சத்தம் கீழே எனக்குக் கேட்டது. அது நின்றதும் கேட்டது. அதுவரை டிராக்டர் வரவில்லை.

சங்கத்து ஸ்ட்ரெச்சரில் ஒரு மூலையை நான் பிடித்தேன். கால்பக்கம். போர்வை போர்த்தியிருந்தது. ஆனால் போர்வைக்கு அடியில் கால் இருக்க வேண்டிய இடத்தில் கால்போல ஒன்றும் தட்டுப்படவில்லை. இறங்குகிற வழியெல்லாம் என் கையில் ரத்தம் சொட்டியது, மழை கழுவியது, திரும்பவும் சொட்டியது.

மத்தியானத்துக்குள், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் முழுக்க ஒரே பேச்சு. இசக்கி குடித்திருந்தான். குடித்துவிட்டு ஆனையிடம் அவனே போய் விழுந்தான். யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் பிடிபடவில்லை. எல்லாருக்கும் அந்தப் பேச்சு தேவையாக இருந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குத் தேவை, எனக்கும் தேவை. சாமிக்கண்ணு என் வீட்டுக்கு வந்தார்.

"வாய மூடிட்டு இரும்வே. போர்டு தப்புன்னு ஆச்சுன்னா நாளைக்கு எவ பாப்பா? பாக்காம ஏறி அம்பது பேரு சாவா."

"அவன் குடிக்கலண்ணே."

"செத்தவனுக்கு அது புதுப் பட்டமா? விடும்."

அவர் சொன்னதில் ஞாயம் இல்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் புதன்கிழமை, பத்து மணிக்கு அடக்கம். காலை எட்டு மணிக்கு நான் போர்டில் வழக்கமான வாசகத்தை எழுதினேன். பெயர், வயது, அடக்கம் நடக்கும் நேரம். வேலைக்குப் போகாத பெண்கள் எல்லாம் அங்கே நின்றார்கள். ஒரு கையில் கட்டு, ஒரு தலையில் கட்டு. அவர்களை விலக்கிக்கொண்டு சண்முகத்தாய் வந்தாள். நசுங்கிப்போன அந்தப் பால் கேனை இடுப்பில் வைத்திருந்தாள். யாரிடமும் அதைக் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி, அவரு ஒம்மகிட்ட வந்தாராமே?"

"வந்தான்."

"குடிச்சிருந்தாரா?"

சாமிக்கண்ணு கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். நான் "இல்ல" என்றேன்.

"என்கிட்ட சொன்னா போதுமா? எழுதும். ஒம்ம போர்டத்தான நம்புதாவ. எழுதும்!"

எழுதினேன். 'நேற்றுக் காலை 7.10க்கு இசக்கி வந்து ஒன்பதாம் காட்டில் ஆனை நிற்பதாகச் சொன்னார். அவர் குடித்திருக்கவில்லை. நான் எழுதவில்லை.' கீழே 'செயலாளர்' என்று போட்டேன். இதற்கு ஒரே ஒரு சாட்சிதான்.

படிக்கத் தெரிந்த ஒருத்தி சத்தமாகப் படித்தாள். 'குடித்திருக்கவில்லை' என்ற இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. பிறகு மீதியையும் படித்து முடித்தாள். சண்முகத்தாய் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். முந்தின நாள் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளிய கை. அந்தக் கையாலேயே கேனை ஓங்கி என் வாயில் அடித்தாள்.

பல் உடைகிற சத்தம் காதுக்கு வெளியே கேட்பதில்லை, மண்டைக்கு உள்ளே கேட்கும். நான் கீழே விழுந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். குடைக்கம்பு, ரப்பர் செருப்பு, கட்டுப்போட்ட கை, எல்லாவற்றாலும் அடித்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே அடித்தாள். "எழுதிருந்தா போயிருப்பமா? எழுதிருந்தா சிரிச்சிருப்பமா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டாள். பிறகு யாரோ கவாத்துக் கத்தியைக் கொண்டுவந்து போர்டின் கால்களை வெட்டினார்கள். தகரத்தை மடக்கி, கல்லைப் போட்டு நசுக்கினார்கள். சாமிக்கண்ணு தடுக்கவில்லை.

பத்து மணி அடக்கத்துக்கு, வாயில் துண்டை அழுத்திக்கொண்டு நானும் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை. மண் போடும்போது சண்முகத்தாய் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

அதன்பிறகு எங்கள் டிவிஷனில் போர்டு கிடையாது. சங்கம் கொஞ்சநாள் நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டு மெல்லக் கலைந்தது. ஆனால் அந்தப் பெண்களிடம் ஒரு பழக்கம் வந்தது. யாராவது ஒருவர், யாராக இருந்தாலும் சரி, ஆனை என்று சொன்னால் கூடையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பார்த்தது யார், எங்கே என்று கேட்கமாட்டார்கள். சூப்பர்வைசர்கள் திட்டித் தீர்த்தார்கள். ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். அப்படி ஒவ்வொருத்தியாகக் கம்பத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் இறங்கிப் போனார்கள். நானும் குமுளிக்கு வந்தேன். இப்போது அங்கே கொழுந்து பறிப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். ஆனைத் தகவல் அவர்களுக்கு போனில் வருகிறது. அதே தகவலைப் பார்த்துவிட்டு டூரிஸ்ட் ஜீப்புகளும் ஆனை நிற்கிற இடத்துக்கே விரைகின்றன.

நான் அங்கே இருந்த கடைசி வருடம், ஒரு நல்ல வெயில் நாளில், ஒருவன் தள்ளாடிக்கொண்டு வந்து ஆனை ஆனை என்று கத்தினான். நிற்கவே முடியாத அளவுக்குக் குடித்திருந்தான். அவன் வந்த திசையில் ஆனை ஒளிய ஒரு மரம்கூடக் கிடையாது. முதலில் கூடையை இறக்கியவள் சண்முகத்தாய். எல்லாரும் கீழே இறங்கிவந்து ரோட்டோரம் உட்கார்ந்தார்கள். அவன் உளறுகிறான் என்று சூப்பர்வைசர் வந்து நிரூபித்துவிட்டார். ஆனாலும் சண்முகத்தாய் எழுந்திருக்கவில்லை. அந்தக் குடிகாரனுக்குத் தண்ணீர் கொடுத்து, "நல்லா மேல பாத்துச் சொல்லுய்யா. நாங்க இருக்கோம்" என்றாள்.