இன்ஸ்பெக்‌ஷன் சட்டை

எங்கள் வீட்டு அறைக்கதவின் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை தொங்குகிறது. காலர் நைந்துவிட்டது. ஒரு பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைக்கப்பட்டிருக்கும். போட ஆளில்லாத சட்டையை மடித்துப் பெட்டியில் வைக்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். புனேவின் கோந்த்வா பகுதியில் என்னோடு இருக்க வந்தபோது அவர் கையோடு கொண்டுவந்த சொத்து அது, பெரியப்பாவின் சட்டை.

பெரியப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். அவருடைய அப்பா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்துவிட்ட குடும்பம். சட்டை போடாமல் அவரை வெளியாள் யாரும் பார்த்ததில்லை. காலையில் பால்காரர் குரல் கொடுத்தால்கூட, சட்டையை மாட்டி, கடைசிப் பொத்தான் வரை போட்ட பிறகுதான் கதவைத் திறப்பார். அதற்குள் பால்காரர் பாதித் தெருவைத் தாண்டியிருப்பார். பெரியம்மா பாத்திரத்தோடு பின்னால் ஓடுவார். அப்படிப்பட்ட மனிதர் வேலை நேரத்தில் ஒருநாள் மேடையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டார். கால்கள் போயின, கைகளிலும் அரைகுறை பலம்தான். ஓய்வூதியம் வந்தது. ஆனால் அவரைப் புரட்ட, துடைக்க, தூக்கி உட்கார வைக்க பெரியம்மா ஒருவர்தான். பிள்ளை இல்லாத வீடு. பெரியம்மாவின் தங்கை மகளான எனக்குப் பிம்ப்ரியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போவேன்.

பெரியம்மாவுக்கே முதுகு வலி தொடங்கியபோது, இனி கனம் தூக்கினால் நீங்களும் பக்கத்துக் கட்டிலில் படுக்க வேண்டியதுதான் என்று மருத்துவர் எச்சரித்தார். அந்தச் சமயத்தில்தான் ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியவந்தது. வேலையில் அடிபட்டு முடங்கியவருக்கு எந்நேரமும் ஓர் ஆள் துணை தேவை என்று மருத்துவக் குழு சொன்னால், ஓய்வூதியத்தோடு துணையாளுக்கென்று ஒரு படியும் அரசு தரும். விண்ணப்பித்தோம். படுத்த படுக்கையாக இருப்பதால் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

பெரியப்பாவின் காதில் அது விழுந்ததுதான் தாமதம். "அப்ப நாளைக்கி இன்ஸ்பெக்‌ஷன்" என்றார். தொழிற்சாலைக்காரர்களுக்கு அந்தச் சொல் ரத்தத்தில் ஊறியது. மேலதிகாரி வருகிறார் என்றால் தரையைக் கழுவி, எண்ணெய்க் கறையைத் துடைத்து, ஓடாத இயந்திரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று காட்டுவதுதான் அவர் அறிந்த இன்ஸ்பெக்‌ஷன். வீட்டிலும் அதுவே நடந்தது. படுத்தபடியே அவர் உத்தரவு போட, மலச்சட்டியும் ரப்பர் விரிப்பும் பக்கத்து வீட்டுக்குப் போயின. கொண்டுபோனவள், லீவு போட்டு வந்திருந்த நான்தான். முகச்சவரம் ஆயிற்று. நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க மார்போடு ஒரு வேட்டியால் கட்டி, அதன்மேல் இந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டோம். மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. பெரியம்மா திருஷ்டி கழிக்காத குறை.

மராட்டியப் பெண் மருத்துவர் ஒருவரும் உடன் இன்னும் ஒருவரும் வந்தார்கள். சாப்பிடுவது எப்படி என்று இந்தியில் கேட்டார்கள். நானே சாப்பிடுகிறேன் என்றார் பெரியப்பா. குளியல்? சமாளித்துக்கொள்கிறேன். கஷ்டம் ஏதாவது? எல்லாம் நன்றாக இருக்கிறது, டாக்டர் சாப். பெரியம்மா சந்தோஷமாக ஃபில்டர் காபி கொண்டுவந்து வைத்தார். துணையாள் தேவையில்லை என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெரியப்பாவோ கட்டில் குலுங்கச் சிரித்தார்.

"நாம இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸாயிட்டோம் பாப்பா. அதான் குடுக்கல."

மறுபடி பார்க்கச் சொல்லி முறையிடலாம் என்று அலுவலகத்தில் கேட்டு வந்து சொன்னேன். அவர் பிடிகொடுக்கவில்லை. மானம் போகிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெரியம்மாவும், இத்தனை நாள் பார்த்துக்கொண்டேன், இனியும் பார்த்துக்கொள்வேன் என்றுவிட்டார். அந்த மழைக்காலத்தில், அவரைத் தூக்கும்போது பெரியம்மாவின் முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிலருகே தரையில் விழுந்தவரால் எழ முடியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மனைவி முனகுகிறார், கணவரால் கையை நீட்ட முடியவில்லை. அவர் கத்திக் கூப்பிட்டுத்தான் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். அந்த ஞாயிறு நான் போனபோது பெரியப்பா சொன்னது ஒன்றே ஒன்று. "எழுதிப் போடு பாப்பா."

அதே பெண் மருத்துவர் வந்தார். வாசலில் சத்தம் கேட்டதும் பெரியம்மா, பழக்கதோஷத்தில் சட்டையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு விரைந்தார்.

"வாணாம்மே. அங்கயே மாட்டு."

"வெளியாளுங்க வராங்க..."

"வரட்டும். இருக்கிறபடியே பாக்கட்டும்."

வெற்று மார்பும் ஈரமான விரிப்புமாக அவர் படுத்திருந்தார். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். பெரியப்பா அவரைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைப் பார்த்தபடி இந்தியில் நிதானமாகச் சொன்னார். இவள்தான் எனக்கு ஊட்டுகிறாள், கழுவுகிறாள், இரவில் எழுந்து புரட்டுகிறாள். என்னால் ஒன்றும் முடியாது. இவளுக்கும் இனி முடியாது. மருத்துவர் முழுக்கச் சோதித்து எழுதிக்கொண்டார். கிளம்பும்போது போர்வையை அவர் கழுத்துவரை இழுத்து மூடி, ஓரத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார். அந்தக் கைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

படி கிடைத்தது. போசரியில் பட்டறை மூடியதால் வேலை போன ஒருவர் துணையாளாக வந்தார். அண்ணன் என்பதற்கு மராத்தியில் சொல்வதுபோல் அவரை 'பாவு' என்று கூப்பிட்டோம். சாயங்காலம் ஆனால் பாவு பெரியப்பாவுக்கு இந்தச் சட்டையைப் போட்டு, சக்கர நாற்காலியில் தெருமுனை வரைக்கும் தள்ளிப்போவார். அறுந்த பொத்தானைக் கையில் கிடைத்த நூலில் தைத்தவரும் அவரே. பெரியம்மா கூடவே நடப்பார். எதையும் பிடிக்காமல், எதையும் தூக்காமல், கைவீசி அவர் நடந்ததை நான் முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். ஒருநாள் சட்டையைக் கழற்றி வைத்த மனிதர், அதன்பின் சாகும்வரை தினமும் சட்டை போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். அந்த வருஷங்களுக்காக யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால், மருத்துவருக்கும் பாவுவுக்கும் முன்னால் பெரியப்பாவுக்கே சொல்லத் தோன்றுகிறது.

இப்போது பெரியம்மாவை யாராவது நலம் விசாரித்தால் போதும். முட்டி வலி, தூக்கமின்மை, நேற்று வயிறு சரியில்லாதது எல்லாம் வரிசையாக வரும். லிஃப்டில் சந்திப்பவர்கள் சற்றுத் தயங்கித்தான் கேட்கிறார்கள். இன்று காலை பால்காரர் மணி அடித்தார். இங்கே யாரும் தெருவில் ஓட வேண்டியதில்லை, அவர் வாசலில் காத்திருப்பார். பெரியம்மா கதவின் பின்னால் தொங்கும் சட்டையைத் தடவி, கடைசிப் பொத்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திறக்கப் போனார்.