பஃபலோ ரோட்டில் ஓட்டைக் கூரைக்குக் கீழே ஒரு கிரகணம்

1955 ஜூன் 20, திங்கட்கிழமை. காலை ஏழரைக்குச் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் இறங்கினேன். ஈப்போவிலிருந்து கொண்டு வந்தவை ஒரு தோல்பை, இருநூறு துண்டுப் பிரசுரங்கள், நான் பெரிய வீரன் என்ற எண்ணம். கடைசிச் சாமான் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பஃபலோ ரோட்டு வாசலைத் தாண்டவில்லை.

அன்று சூரிய கிரகணம். இலங்கையிலும் சயாமிலும் முழுதாக மறையும். சிங்கப்பூரில் ஒரு பெரிய கடி மட்டும். பிரசுரத்தில் இருந்தது இவ்வளவுதான்: சூரியனை நேரே பார்க்காதீர்கள், கண் போய்விடும். அட்டையில் ஊசித்துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையில் விழும் பிம்பத்தைப் பாருங்கள்.

என் அண்ணன் மகள் கமலா பள்ளி ஆசிரியை. ஏழு மாதக் கர்ப்பிணி. கிரகணம் முடியும்வரை மாமியார் அவளை அறைக்குள் வைத்துப் பூட்டப்போகிறார். "பாடம் நடத்தின எனக்கே பார்க்கக் கொடுத்து வைக்கலையா? நீங்க வந்து அத்தைகிட்ட பேசுங்க, சித்தப்பா" என்று கடிதம் போட்டிருந்தாள்.

எட்டு மணி. சம்மந்தி வீட்டுக்கு மூன்று மைல் தூரம், டாக்சிக்கு ஒன்றரை வெள்ளி. சம்மந்தியம்மா வாசலிலேயே நின்றார்.

"என்ன சம்மந்தி, கமலாவை வெளிய கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"சேச்சே! நல்லாப் பூட்டுங்க!"

ரயிலில் விடிய விடிய ஒத்திகை பார்த்தது வேறு. உள்ளேயிருந்து கமலா "சித்தப்பா!" என்றாள். அதில் இருந்த மரியாதையை அச்சில் போட முடியாது. பின்கட்டுத் தகரக் கூரை அறையில் அவளை விட்டு, ஜன்னல் இடுக்குகளில் பழைய சேலைகளை அடைத்து, கதவைப் பூட்டினார்கள்.

பத்தரை. முகத்தை எங்காவது வைத்துக்கொள்ள வேண்டுமே என்று தெருமுனையில் பிரசுரம் கொடுத்தேன். பூக்கடைக்காரர் அட்டைப்பெட்டியில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து அலறல்: "அத்தை! சீக்கிரம் வாங்க!"

ஏழாம் மாதத்திலேயே வலி! ஓடினேன். ஒரு செருப்பு சாக்கடையில் போயிற்று. வந்த டாக்சியின் முன்னால் கைகளை விரித்து நின்று, "பிரசவம்! ஆஸ்பத்திரி!" என்று கத்தினேன்.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "யாருக்கு அண்ணே, உங்களுக்கா? முதல்ல மூச்சு விடுங்க லா."

அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். சம்மந்தியம்மா பூட்டைத் திறந்தார். கமலா கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே தரையில், சுவரில், அவள் சேலையில் எல்லாம் சின்னச் சின்னச் சூரியன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கடி.

"பூட்டினது நல்லதாப் போச்சு சித்தப்பா. இருட்டா இருக்கிறதாலதான் இவ்வளவு தெளிவாத் தெரியுது."

சம்மந்தியம்மா மருமகளின் வயிற்றின்மேல் கிடந்த பிறையையே பார்த்தார்.

"இது பட்டா ஒண்ணும் ஆகாதா?"

"தினமும் இந்த ஓட்டையில விழற வெயில்தான் அத்தை."

சம்மந்தியம்மா மெல்லக் கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒரு சூரியன் ஏறி உட்கார்ந்தது. சட்டென்று ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "ஏன் நிலைப்படியிலயே நிக்கிறீங்க? செருப்பைக் கழட்டிட்டு வாங்க. மேல பார்க்காதீங்க, கீழ பாருங்க!"

பத்து நிமிடத்தில் பாதித் தெரு அந்த அறைக்குள் இருந்தது. பிம்பம் நன்றாகத் தெரிய வெள்ளைத் துணி வேண்டுமென்றாள் கமலா. என் வேட்டி தரைக்குப் போயிற்று, நான் துண்டோடு நின்றேன். அவள் கட்டிலை விட்டு இறங்காமலே தெருவுக்கே பாடம் நடத்தினாள்.

மாலையில் புறப்பட்டேன். ஈப்போவில் என் வீட்டுக் கூரையில் ஓர் ஓட்டைகூடக் கிடையாது. அதை நினைத்து முதல்முறையாக வெட்கப்பட்டேன்.

சம்மந்தியம்மா வாசல்வரை வந்தார். "அடுத்த கிரகணம் எப்ப, சம்மந்தி? முன்கூட்டியே எழுதிப் போடுங்க. நாளைக்குக் கூரை அடைக்க ஆள் வரச் சொல்லியிருந்தேன், வேண்டாம்னுட்டேன்."