வலது காலைக் குறைத்துக் குதித்த நாள்

நான் வாலிபால் ஆடுகிறவள். இடது முட்டில் ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது மாதம். இரண்டு வாரத்தில் விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கான ஆட்டத் தேர்வு. அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். பிசியோதெரபி அக்கா கையெழுத்துப் போட்டால்தான் கூட்டிப்போவேன் என்று கோச் சொல்லியிருந்தார்.

அருமனையிலிருந்து நாகர்கோவிலுக்கு அக்காவைப் பார்க்கப் போகிற பஸ்ஸிலேயே பயம் பிடித்துக்கொண்டது. அக்காவின் அறையில் இருக்கிற தகட்டை நினைத்தாலே பேடி, அவ்வளவு பயம். தரையோடு தரையாக இரண்டு இரும்புத் தகடு, காலுக்கு ஒன்று. ஏறி நின்று குதித்தால் எந்தக் கால் எவ்வளவு பலமாக மிதித்துச் சவுட்டியது என்று கம்ப்யூட்டரில் கோடு விழும்.

நல்ல காலின் பலத்தில் பத்துக்கு ஒன்பது பங்காவது இடது கால் காட்ட வேண்டும். இடதைக் கூட்ட வழியில்லை, வலதைக் குறைக்கலாமே? எங்கள் டீமில் ஒருத்தி சொல்லித்தந்த வித்தை இது. வலதைப் பைய ஊன்றிக் குதித்தேன். இரண்டு கோடும் சேர்ந்தே ஏறி இறங்கின. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வேறு, எளவு.

அக்கா சிரிக்கவில்லை. எனக்கு அடிபடும் முன்னால் டீம் முழுக்க எடுத்த சோதனையைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதில் வலது காலின் கோடு இன்றையதைவிட நல்ல உயரம்.

"ஏட்டி, ஒனக்க வலது காலுக்கு என்ன ஆச்சு?"

"காய்ச்சலாக் கெடந்தேன் அக்கா."

"செரி. இனி ஒத்தக் கால்ல குதி. மொதல்ல இடது. முழுப் பலத்தையும் போடு."

குனிந்து, மூச்சைப் பிடித்துச் சவுட்டினேன். சவுட்டியதாகத்தான் நினைத்தேன். திரையில் என் எடை மட்டும் ஒரு கோடாக நடுங்கிக்கொண்டிருந்தது. கால் தகட்டை விட்டு எழும்பவேயில்லை. அடிபட்ட அன்று முட்டுக்குள் டொப்பென்று கேட்டதே, அது மறுபடி கேட்டுவிடுமோ என்று கால் தானாகவே நின்றுவிட்டது. அக்கா கேட்காமலே வலது கால் கள்ளத்தையும் சொல்லி அழுதேன்.

"இந்தக் கால வச்சிட்டு வலையில எழும்பி எறங்கி, முட்டு ரெண்டாமதும் போச்சுன்னா என்ன செய்வ மக்கா?" என்றார். கையெழுத்துப் போடவில்லை.

வெளியே வந்ததும் கோச் போனில் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"கையெழுத்து இல்லேன்னா போகட்டும், நான் பேசிக்கிடுதேன். நீ வா."

"வரல சார்."

"பொறவு ஒனக்கு வயசில்ல. தெரியுமா?"

"தெரியும் சார். எனக்குப் பேடியா இருக்கு."

ஒன்பது மாதத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் போனை வைத்துவிட்டார்.