பராசரன் போட்ட வேலையில்லாதோர் கணக்கு

பராசரன் என் மூத்த அண்ணா. மைசூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார்கள் வீட்டில் படுத்தும் பாடு எனக்கு நன்றாகத் தெரியும். அவன் வீட்டில்தான் தங்கை நானும் இருந்தேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. உலகம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது, மைசூர் மட்டும் தப்புமா? பி.ஏ. தேறிய பிள்ளைகள் காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரை, மாலையில் மார்க்கெட் வாசல் என்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணாவின் ஒரே பிள்ளை சம்பத்குமாரும் அதில் ஒருவன். சர்க்கார் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு முகமே வாடிப்போயிருந்தது. அவனுக்கு ஒரு வேலை கிடைக்காதா என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

அண்ணா வேண்டிக்கொள்ளவில்லை, கணக்குப் போட்டான். ஊரில் வேலையில்லாதவர்களை ஏரித் தண்ணீராக வைத்துக்கொண்டான். வருஷா வருஷம் பரீட்சை தேறுகிறவர்கள் உள்ளே வரும் வாய்க்கால். குமாஸ்தா வேலை கிடைத்துப் போகிறவர்கள் ஒரு மதகு, அதுவும் பாதி அடைத்துக்கொண்ட மதகு. தொழில் கற்றுக்கொண்டு போகிறவர்கள் இன்னொன்று. அதை அகலப்படுத்தினால் தண்ணீர் எவ்வளவு வேகமாக வடியும் என்று சமன்பாடு எழுதினான். சில வருஷங்களில் பாதியாகிவிடும் என்று விடை வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்தான்.

சொன்னதோடு நிற்காமல் சம்பத்தைத் தச்சுப் பயிற்சியில் சேர்த்துவிட்டான். மேலுகோட்டை வைஷ்ணவர்களான எங்கள் குடும்பத்தில் இழைப்புளியைப் பிடித்த முதல் ஆள் அவன்தான். மன்னி லக்ஷ்மம்மா அண்ணாவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கோ வேலை பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்தால் தேக்கு, ஈட்டி என்று மரத்தைப் பற்றியே பேச்சு. பயிற்சி முடிந்ததும் லிங்கப்பன் என்பவரின் நாற்காலிப் பட்டறையில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அதற்கு முதல்நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெண்வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். காபியைக் குடித்து டம்ளரை வைத்துவிட்டுப் பெண்ணின் அப்பா கேட்டார்:

"பையன் என்ன பண்றார்?"

சம்பத் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அண்ணா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பி.ஏ. தேறியிருக்கான். சர்க்கார் கச்சேரிக்கு மனுப் போட்டிருக்கான். இன்னிக்கோ நாளைக்கோ உத்தரவு வந்துடும்."

தச்சு என்ற பேச்சே எடுக்கவில்லை. வாயில் என்ன, கொழுக்கட்டையா?

திங்கட்கிழமை சம்பத் பட்டறைக்குப் போகவில்லை, படுத்த பாயைச் சுருட்டவும் இல்லை. ஏன்டா என்று அண்ணா கேட்டான்.

"உத்தரவு வந்துடும்னு நேத்திக்கு நீங்கதானே சொன்னேள், அப்பா? காத்துண்டிருக்கேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊருக்குத்தான் உபதேசமா, அண்ணா? உன் பிள்ளை பண்ற வேலையை நாலு பேருக்கு முன்னாடி சொல்ல உனக்கே வெக்கம். அப்புறம் அவன் எந்த மூஞ்சியை வெச்சுண்டு போவான்?"

அண்ணா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சம்பத்தோடு பயிற்சி முடித்த அக்ரஹாரத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் விசாரித்திருக்கிறான். ஒருவனும் பட்டறைப் பக்கம் போகவில்லை. தச்சுப் பயிற்சி முடித்த பத்திரத்தையும் சேர்த்து வைத்து, குமாஸ்தா வேலைக்கே மறுபடி மனுப் போட்டிருந்தார்கள். மதகில் போன தண்ணீர் சுற்றிக்கொண்டு ஏரிக்கே திரும்பி வந்திருந்தது.

சாயங்காலம் என்னிடம் சொன்னான்:

"பெருக்கல் கழித்தல்ல தப்பில்லை, ஜயா. தொழில் கத்துண்டவன் அதுக்குப் போவான்னு எடுத்துண்டேன் பாரு, அதுதான் தப்பு. வீட்டுல போக விடணுமே. நானே விடலையே."

மறுநாள் காலை ரயிலில் ஸ்ரீரங்கப்பட்டணம் போனான். திரும்பி வந்ததும் கூடத்தில் நின்றபடியே சொன்னான்:

"என் பிள்ளைக்குத் தச்சு வேலைன்னு சொல்லிட்டேன். பொண்ணு தர மாட்டாளாம்."

மன்னி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நல்ல பெண் கைநழுவிப் போனாளே என்று எனக்கும் இருந்தது. சம்பத் எழுந்து அப்பாவின் கையிலிருந்த பையை வாங்கி ஆணியில் மாட்டினான். பிறகு அம்மாவிடம் போய் நின்றான்.

"அம்மா, நாளைக்குக் கார்த்தால சீக்கிரம் சாதம் வடிச்சுடு. லிங்கப்பன் கிட்ட மன்னிப்புக் கேட்டுண்டாவது சேர்ந்துடறேன்."

மன்னி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தயிர்சாதம் போறுமாடா?" என்று கேட்டாள்.