நல்ல தண்ணீர்க் கிணற்று வழக்கு

தொண்டி ஹமீதா பானுவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எட்டு வருஷம் அவருடைய வழக்குக் கட்டைச் சுமந்த வக்கீல் குமாஸ்தா நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பச்சைத் திரை, அதன் பின்னாலிருந்து வரும் குரல், திரைக்கு அடியில் நீளும் ஒரு தம்ளர் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் அப்படி இனிக்கும். கடற்கரை ஊரில் அப்படியொரு கிணறு வாய்த்தது அவர் தகப்பனார் செய்த புண்ணியம். சாகும்முன் அவர் கிணற்றையும் சுற்றியிருந்த தென்னந்தோப்பையும் வக்ஃப் என்னும் தர்மச் சொத்தாக எழுதிவைத்தார். தோப்பு வருமானத்தில் கிணற்றைப் பராமரித்து ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்க வேண்டும். மூத்த மகன் வாவு முகம்மது முத்தவல்லியாக இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மகன் அழகாகத்தான் பார்த்துக்கொண்டார். 1950-இல் பாதித் தோப்பை உப்பளத்துக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டார். அவன் கிணற்றுக்கு இருபது முழம் தள்ளிக் கடல் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டினான்.

ஹமீதா பானு இருபது வயதில் கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர். பிள்ளை இல்லை. ஓலைப்பெட்டி முடைந்து வயிற்றைக் கழுவினார். தகப்பனார் கிணறு கெடக்கூடாது, அது ஒன்றுதான் அவருக்கு. ஆளனுப்பி எங்களைக் கூப்பிட்டார்.

வக்கீல் விளக்கமாகவே சொன்னார். "தர்மச் சொத்தக் கெடுக்குறவர நீக்கச் சொல்லி வழக்குப் போடலாம்மா. பாத்தியதை உள்ள ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டு, மதுரையில இருக்குற நம்ம ஜில்லா கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கணும். அதுக்கு நாளாகும். வாய்க்கால நிறுத்த இப்பவே தடை உத்தரவு கேட்டுருவோம்."

அங்கேயே மனுவை எழுதித் திரைக்கு அடியில் தள்ளினேன். கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

"ஒரே வயித்துல பொறந்த மூத்த காக்கா. கோர்ட்டுக் கச்சேரிப் படி ஏத்துனா வாப்பா கபுருல நிம்மதியாக் கெடக்க மாட்டாக. ஜமாஅத்துல சொல்லிப் பாக்குறேன்."

பள்ளிவாசலில் ஜமாஅத்தார் முன்னால் வாவு முகம்மது தலைகுனிந்து நின்று, நோன்புப் பெருநாளுக்குள் வாய்க்காலை மூடிவிடுவதாகச் சத்தியம் செய்தார். பள்ளியில் சொன்ன சொல்லுக்கு மேல் காகிதம் எதற்கு என்று தங்கையும் நம்பிவிட்டார். இரண்டு பெருநாள் போயிற்று, வாய்க்கால் மூடவில்லை. ஒரு நடை போய் எடுத்துச் சொல்லியிருக்கலாம், எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் வருஷம் அவரும் சின்னம்மா மகள் சாலிஹாவும் கையெழுத்துப் போட்டார்கள். கலெக்டர் அனுமதிக்கே ஒரு வருஷம் அலைந்தோம். கோஷாப் பெண் என்பதால் கோர்ட்டு நியமித்த கமிஷனர் வீட்டுக்கே வந்து, திரைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து சாட்சியம் எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீல், "அண்ணன் மேல ஒங்களுக்கு என்ன கோவம்?" என்று கேட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஹமீதா பானு, "கோவமில்ல. அவுக புள்ளைகளும் அந்தத் தண்ணியத்தான் குடிக்குதுக" என்றார்.

1958-இல் தீர்ப்பு வந்தது. வாவு முகம்மதுவை நீக்கி, ஹமீதா பானுவை முத்தவல்லியாக்கியிருந்தார்கள். உப்பளத்துக்காரன் முந்தின வருஷமே போய்விட்டிருந்தான். நகலை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் தொண்டிக்குப் போனேன். ஜெயித்த சந்தோஷத்தில் உரக்கப் படித்தேன். "கிணற்றுத் தண்ணீரை ஊராருக்குத் தடையின்றி வழங்கி வர வேண்டியது."

"அத இன்னொருக்கா படிங்க."

படித்தேன். திரைக்கு அடியில் தம்ளர் வந்தது. ஒரு வாய் குடித்தேன், உப்புக் கரித்தது. விழுங்க முடியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை.

"இந்தத் தண்ணியவா குமாஸ்தா அண்ணே குடுக்கச் சொல்லியிருக்கு?"

அவர் அழுதாரா என்று தெரியாது. நான் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன்.